கேட்டுக்குள் ஓர் இடம், தெருவில் ஒரு வீடு



காலை ஐந்தரை மணிக்கு சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால், நம் தொழில் வளர்ச்சி மொத்தமும் கண்ணெதிரே பஸ் ஏறுவதைப் பார்க்கலாம். முன்கண்ணாடியில் கம்பெனி பெயரும் ரூட் நம்பரும் ஒட்டிய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூக்கம் சொக்க இறங்குவார்கள். முதல் ஷிப்டுக்காரர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறுவார்கள். செய்யாறு, திருவண்ணாமலை, விழுப்புரம் தொடங்கி ஒடிசா, பீகார் வரை எங்கெங்கிருந்தோ வந்து, அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்கள்.

அத்தனை தொலைவிலிருந்து ஆட்கள் வந்து சேரும் ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தப் பஸ்ஸில் ஏறாத சிலர் உண்டு. வல்லத்திலும் மாத்தூரிலும் மாம்பாக்கத்திலும் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். வயது இருபத்தைந்தோ முப்பத்தைந்தோ ஆகியிருக்கும். வீட்டில் இன்னும் ‘பாப்பா’, ‘தம்பி’தான். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அதை ஒட்டி வரும் இந்த இதழில் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

குழந்தையாக இருக்கும்வரை ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்கிறது. சிறப்புப் பள்ளி, பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, பகல்நேர மையம் என்று அலைவதற்காவது இடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் பால விஹார் 1950-களிலேயே தொடங்கிவிட்டது. இன்று வித்யாசாகர் என்று நாம் அறியும் அமைப்பை பூனம் நடராஜன் தொடங்கியது 1985-இல். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005-இல் வந்தது. இப்போது உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில், ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்கள் ஊர் ஊராகத் திறக்கப்படுகின்றன.

பதினெட்டு வயது முடிந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பள்ளி “இனி எங்களால் முடியாது” என்கிறது. பகல்நேர மையங்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கானவை. அப்பா ஓய்வு பெற்றுவிடுகிறார், அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது. மகன் மட்டும் அதே வாசலில். அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அது மருந்துக்கும் சோப்புக்கும் ஆகும், ஒருவருடைய நாளை நிரப்பாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் நாடு முழுக்க 15 லட்சம் பேர். அத்தனை வீடுகளிலும் இராத்திரி விளக்கணைத்த பிறகு பெற்றோர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: “நமக்கப்புறம் இவனை யார் பார்த்துக்குவாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாட்டிலேயே தோதான இடங்களில் ஒன்று, நம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி என்று நான் நம்புகிறேன். கருணையால் அல்ல. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அதுவரை அந்த வேலையைப் பார்த்தே இராத ஒருவருக்குக் கற்றுத்தரும் வித்தை, இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகக் குவிந்திருக்காது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிள் பிரேக்கின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்டு என்ற ஆசிரியர், 1972-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மிதமானதும் கடுமையானதுமான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 64 பேர். ‘இவர்களால் பெரிதாக ஒன்றும் முடியாது’ என்று எழுதி வைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடந்த பட்டறைகளில் சின்னச்சின்ன வேலை கொடுத்து உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் முன்னால் 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பிரித்து வைத்தார். பாகங்களைப் பூட்டவேண்டிய வரிசைப்படி தட்டுகளில் அடுக்கினார். சிலருக்கு மட்டும், பாகத்தைச் சரியாக வைத்தால் தங்களைப் பார்த்திருக்கும் பக்கத்தில் சிவப்புப் பூச்சு பூசித் தந்தார். விளக்கம் அதிகம் இல்லை. தப்பாக வைத்தால் மறுபடி, வேறு விதமாகக் காட்டுவது மட்டும்தான். 64 பேரில் 63 பேர் பிழையில்லாமல் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். பிறகு 24 பாகங்கள் கொண்ட பிரேக்கையும் பூட்டினார்கள். வண்ணம் பூசிய பாகங்கள் கிடைத்தவர்கள் இன்னும் சீக்கிரம் கற்றார்கள். ஒருவர் கற்றுக்கொள்ளவில்லை என்றால், கற்றுத்தருபவர்தான் வேறு வழி தேட வேண்டும் என்பது கோல்டின் கட்சி.

நம் பகுதியில் அசெம்பிளி லைனில் நின்ற யாருக்கும் அந்தத் தட்டு புதிதாகத் தோன்றாது. கிட்டிங் டிரேயில் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கும். ஒரு போல்ட் குறைந்தால் காலியான குழி காட்டிக்கொடுத்துவிடும். நல்ல பாகம் பச்சை பின்னில், ரிஜெக்ட் சிவப்பு பின்னில். பாகத்தைத் திருப்பி வைத்தால் ஃபிக்ஸரில் உட்காரவே உட்காராது. ஸ்டேஷனுக்கு மேலே படம் போட்ட வேலை விவரத் தாள் தொங்கும். தமிழ் தெரியாத தொழிலாளியும் அதைப் பார்த்து இரண்டு நாளில் வேலை பழகிவிடுகிறார். இவை எல்லாம் உற்பத்தியில் தப்பு நடக்காமலிருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடுகள். எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாத, ஆனால் கையும் கண்ணும் பொறுமையும் உள்ள ஓர் இளைஞருக்குத் தேவையானதும் அதேதான். தனியாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு தொழிற்சாலை அறுபது ஆண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. ஜப்பானில் நிஹோன் ரிகாகாகு கோக்யோ என்ற சாக்பீஸ் கம்பெனி. 1959-இல் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியர் அங்கே வேலை கேட்டு வந்தார். தனக்கல்ல, பள்ளியை முடிக்கும் தன் மாணவிகளுக்கு. கம்பெனி நிர்வாகத்தில் இருந்த யாசுஹிரோ ஒயாமா மறுத்தார். ஆசிரியர் திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில், வேலைகூட வேண்டாம், விடுதியில் போய் அடைவதற்கு முன்னால் வேலை என்றால் என்ன என்று கொஞ்ச நாள் பார்க்கட்டும் என்று கேட்டார். இரண்டு பெண்கள் இரண்டு வாரத்துக்கு வந்தார்கள். இரண்டு வாரம் முடிந்தபோது, அவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒயாமாவிடம் வந்து கேட்டவர்கள் உடன் வேலை பார்த்த தொழிலாளர்கள். இன்று அந்தக் கம்பெனியில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்.

எப்படிச் சாத்தியமானது? மூலப்பொருளை எடை போட வேண்டும், ஆனால் தராசின் எண்ணைப் படிக்க வராது. சிவப்பு டப்பாவில் உள்ள பொடிக்குச் சிவப்பு எடைக்கல், நீல டப்பாவுக்கு நீல எடைக்கல் என்று வைத்தார்கள். தராசு சமமானால் சரி. கலக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கத் தெரியாதவர்களுக்கு மணல் கடிகாரம். மணல் இறங்கியதும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வேலைக்கு ஏற்ப ஆளை வளைப்பதை விட்டுவிட்டு, ஆளுக்கு ஏற்ப வேலையை மாற்றி அமைத்தார்கள். தரம் குறையவில்லை, கம்பெனியும் நொடித்துப்போகவில்லை.

இங்கே இன்னொரு கணக்கையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. செயின்ட் கோபெய்ன் 2000-இல், சாம்சங் 2007-இல், ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டு ஆலை 2010-இல், டெய்ம்லர் லாரி ஆலை 2012-இல் வந்தன. இந்த நிறுவனங்களின் தாய்நாடுகளைப் பாருங்கள். தென்கொரியாவில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம், தன் ஆட்களில் 3.1 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் அது 2.5 விழுக்காடு, 2026 ஜூலைக்கு 2.7 என்று நிர்ணயித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் சேர்த்தி. ஜெர்மனியில் 5 விழுக்காடு, பிரான்சில் 6. எட்டாத நிறுவனங்களிடம் ஈட்டுத்தொகை வசூலிக்கும் ஏற்பாடும் அந்நாடுகளில் இருக்கிறது.

நம் நாட்டில்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 விழுக்காடு. தனியார் துறைக்கு 35-ஆவது பிரிவு 5 விழுக்காடு என்ற இலக்கைச் சொல்கிறது. ஆனால் ஊக்கத்தொகை தந்து ஊக்குவிக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, கட்டாயம் இல்லை. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், எந்தெந்த வேலை மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருந்தும் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். இந்த நிறுவனங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. உங்கள் தாய்நாட்டில் சட்டத்துக்காகக் கற்றுக்கொண்டதை இங்கே நீங்களாகவே செய்யுங்கள்.

மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் நம் மாநிலத்தில் உண்டு. ஓசூர் டைட்டன் தொழிற்சாலை இதில் நெடுநாள் பெயர் பெற்றது. ஆனால் பொதுவாக முதலில் அழைக்கப்படுபவர்கள் காது கேளாதவர்களும், கால் பாதித்தவர்களும். அறிவுசார் குறைபாடு என்றதும் மனிதவளத் துறை தயங்குகிறது. “மெஷின்ல கையை விட்டுட்டா?” என்ற பயம் நியாயமானது. அதற்காக எல்லா வேலையும் பிரஸ் ஷாப் ஆகிவிடாது. பேக்கிங், லேபிள் ஒட்டுதல், கிட்டிங், ஸ்டோர்ஸ், கேன்டீன், சீருடைக் கிடங்கு, தோட்டம் என்று ஒரு தொழிற்சாலைக்குள் நூறு வேலை இருக்கிறது. தேவைப்படுவது, முதல் சில மாதம் கூடவே நின்று சொல்லித்தரும் ஒரு ஜாப் கோச். பஸ்ஸில் எங்கே ஏறுவது, ஐடி கார்டை எப்படிப் பஞ்ச் செய்வது, சேஃப்டி ஷூவை எங்கே மாட்டுவது, கேன்டீனில் டோக்கனை யாரிடம் கொடுப்பது, சைரன் அடித்தால் எந்தக் கதவு என்று எல்லாவற்றையும் பழக்கிவிட்டு, மெல்ல மெல்ல விலகிக்கொள்பவர். பயிற்சி முடித்த பிறகு வேலை என்று காத்திருந்தால் வயது நாற்பதாகிவிடும். வேலையில் வைத்தே பயிற்சி தருவதுதான் உலகம் பட்டறிந்து கண்ட வழி.

வேலை கிடைத்தால் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அட்டலிசா என்ற சிற்றூர். ஹென்றிஸ் டர்க்கி சர்வீஸ் என்ற நிறுவனம், அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்களை டெக்சாஸிலிருந்து அழைத்து வந்து, ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கவைத்து, வான்கோழி இறைச்சிக் கூடத்தில் வேலை வாங்கியது. ஆண்டுக்கணக்கில் அவர்கள் கைக்கு வந்த சம்பளம் மாதம் 65 டாலர். சோறும் தங்கலும் கழிக்கப்பட்டுவிட்டதாகக் கணக்கு. 2009-இல் அதிகாரிகள் மூடும்வரை ஊரே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2013-இல் 32 பேருக்கும் சேர்த்து 24 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் உச்சவரம்பால் அந்தத் தொகை பிறகு மிகவும் குறைக்கப்பட்டது.

நம் பகுதியில் விடுதி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு நோயுற்றபோது, பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். அதன் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு 706.50 கோடி ரூபாயில் கட்டித் திறந்தது. தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லத் தெரியாத ஒருவர் அந்தப் பெண்களின் இடத்தில் இருந்திருந்தால்? ஆகவே இரண்டு விதிகளை முதலிலேயே எழுதி வைத்துவிடலாம். சம்பளம் மற்றவர்களுக்கு என்னவோ அதுதான் இவர்களுக்கும், அவரவர் வங்கிக் கணக்கில். அடுத்தது, வேலை கொடுக்கும் கை வீட்டுச் சாவியை வைத்திருக்கக் கூடாது.

அப்படியானால் வீடு? ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 2007 அக்டோபரில் இணைந்தது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அதன் 19-ஆவது பிரிவு தருகிறது. நம் 2016 சட்டத்தின் 5-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. காப்பகத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சான்று உண்டு. ‘தி பேன்யன்’ அமைப்பு 2015-இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், ஆண்டுக்கணக்கில் மனநலக் காப்பகத்தில் கிடந்த பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஒருவர் உடன் இருப்பார். சமையல், சந்தை, சீரியல், சண்டை எல்லாம் மற்ற வீடுகளில் போலத்தான். அது மனநோயோடு வாழ்பவர்களுக்கானது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே கூரையின் கீழ் மற்றவர்களும் வாழும் ஆஷா நிகேதன், சென்னை கொட்டிவாக்கத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. திண்டிவனம் பக்கம் 2013-இல் கார்த்திகேயன் தொடங்கிய சிருஷ்டி கிராமத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் பயிரிட்டும் மாடு வளர்த்தும் வாழ்கிறார்கள்.

சுயமாக வாழ்வது என்றால் தனியாக வாழ்வது என்று பல பெற்றோர் எண்ணிக்கொண்டு பயப்படுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் அந்தப் பயம் இரட்டிப்பு. நாம் யாருமே தனியாக வாழ்வதில்லை. சமையலுக்கு ஓர் ஆள், வரிக் கணக்குக்கு ஓர் ஆள் என்று எல்லாருமே சாய்ந்துகொண்டுதான் நிற்கிறோம். இவர்களுக்குச் சாய்வு கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். எல்லாரும் தொழிற்சாலைக்குப் போகவேண்டும் என்பதும் இல்லை. வேலைக்குப் போக இயலாதவருக்கும், காலையில் என்ன சட்டை போடுவது, சாயங்காலம் யாரோடு பேசுவது என்பதில் தன் சொல் செல்லுபடியாக வேண்டும்.

பெற்றோருக்குச் சில நடைமுறை விஷயங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் சட்டப்படி அவர் பெரியவர். அவருக்காகப் பெற்றோர் கையெழுத்துப் போடத் தனி அதிகாரம் தேவைப்படும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். 2016 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பாதுகாவலர் அவரைக் கலந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்தால், ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. சாதாரண டவுன் பஸ்ஸில் அவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அந்தப் பஸ்ஸில் அவரையே முன்னால் ஏறவிட்டு, நீங்கள் பின்னால் ஏறுங்கள். பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஊருக்கும் பொறுப்பு இருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களால், உள்ளாட்சி அமைப்புகள்தோறும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக வர வழி பிறந்திருக்கிறது. கிராம ஊராட்சிகளில் மட்டும் ஏறக்குறைய 13,000 இடங்கள். அந்த இடங்கள் நிரம்பும்போது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பேசும் குரலும் ஒன்றிரண்டாவது வரவேண்டும். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த ஊர்கள் இவை. தங்கள் ஊர்ப் பிள்ளைகளில் இவர்களுக்கும் வேலை கேட்க, கிராம சபைக்கு முழு உரிமை உண்டு.

வாசகர்களில் பலர் இந்தத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களாக, மனிதவள அதிகாரிகளாக, தொழிற்சங்க நிர்வாகிகளாக இருக்கிறீர்கள். பலர் இங்கே வீடு வாடகைக்கு விடுகிறீர்கள். உங்களிடம் கேட்பது பெரிய திட்டமோ நன்கொடையோ அல்ல. உங்கள் லைனில் பொருத்தமான ஒரு வேலையை அடையாளம் காட்டுங்கள். இரண்டு பேரை இரண்டு வாரத்துக்கு வரச் சொல்லிப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து தங்க வீடு கேட்டு வந்தால், மற்றவர்களுக்குச் சொல்லும் வாடகையையே சொல்லி, சாவியைக் கொடுங்கள். செய்து பார்த்தவர்கள், பட்ட சிரமத்தையும் மறைக்காமல், எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்